பழைய சிநேகிதர்கள் மனதில் நாம் எப்படி இருக்கிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,000 பேர் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தோம். எல்லாரும் 50 வயது தாண்டியவர்கள். அவர்களில் நானும் ஒருத்தி. 1984இல், 21 வயதில், தென் மாவட்டத்து ஊர் ஒன்றின் டெலிபோன் ஆபீஸில் ட்ரங்க் ஆபரேட்டராக, அதாவது வெளியூர் கால்களை இணைத்துக் கொடுப்பவளாகச் சேர்ந்தேன். வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. பரவி ட்ரங்க் போர்டுக்கு வேலை குறைந்த பிறகு, போன் நம்பர் கேட்பவர்களுக்குச் சொல்லும் 197 விசாரணையில் உட்கார்ந்தேன், கடைசியில் பில் கவுண்டர். ஓய்வு பெற்ற அன்றைக்குக் கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டு, "அடுத்த மாசம் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்" என்று சொல்லிப் பிரிந்தோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துவிட்டது. அந்தச் சாப்பாடு 2022இல்தான் நடந்தது. அதிலிருந்து வருஷம் ஒரு முறை கூடுகிறோம். மாற்றலாகிப் போனவர்கள், பாதியில் வேலையை விட்டவர்கள், முன்பே ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரையும் தேடிப் பிடித்து அழைப்பது என் பொறுப்பு.

அழைத்தால் பலர் உடனே "வர்றேன்" என்று சொல்வதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார்கள். வேறு வேறு ஆட்கள், ஆனால் கேள்விகள் ஒன்றேதான். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். டெலிபோன் ஆபீஸ்காரர்களை நினைத்து எழுதியது என்றாலும், மில்லிலும் பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன்.

முப்பது வருஷமாகப் பார்க்காதவர்களுக்கு என்னை அடையாளம் தெரியுமா?

தெரியும். முகம் தெரியும், பேர் வராது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்ற உளவியல் பேராசிரியர் தன் குழுவோடு 1975இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளிப் படிப்பு முடித்த 392 பேர். சிலர் முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, சிலருக்குக் கிட்டத்தட்ட 50 வருஷம் ஆகியிருந்தது. அவர்களுடைய பள்ளி ஆண்டு மலரிலிருந்த படங்களை, முன்பின் தெரியாதவர்களின் படங்களோடு கலந்து காட்டி, "இதில் உங்களோடு படித்தவர் யார்?" என்று கேட்டார்கள். 35 வருஷம் ஆனவர்கள்கூடப் பத்துக்கு ஒன்பது படத்தைச் சரியாகக் காட்டினார்கள். ஆனால் படத்தைப் பார்த்துப் பேரைச் சொல்லச் சொன்னபோது பலர் திணறிவிட்டார்கள்.

நம் விஷயம் இன்னும் கொஞ்சம் சிரமம். அவர்கள் பார்த்தது அந்த வயதுப் படத்தை. நாம் பார்ப்பது நரைத்து, பருத்து, பல் போன முகத்தை. அதனால் முதல் சில நிமிஷம் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். புதிய முகத்துக்குள் பழைய முகத்தைத் தேடுகிற நேரம் அது. சிரித்ததும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பேர் மறப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1987இல் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முகத்தைக் காட்டி "இவர் ஒரு பேக்கர், ரொட்டி சுடுபவர்" என்று சொன்னால் நினைவில் நின்றது. அதே மாதிரி முகத்தைக் காட்டி "இவர் பேர் பேக்கர்" என்று சொன்னால் அவ்வளவாக நிற்கவில்லை. சொல் ஒன்றுதான். தொழில் என்றால் ரொட்டி வாசம், அடுப்பு, மாவு என்று பற்றிக்கொள்ள ஏதோ இருக்கிறது, பேருக்கு ஒன்றுமில்லை. எனவே யாராவது உங்கள் பேர் வராமல் தடுமாறினால் மனம் சுருங்க வேண்டாம். உங்களை மறந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்களே பேரையும், எந்த வருஷம் எந்த செக்‌ஷன் என்பதையும் சொல்லிவிடுங்கள். எங்கள் ஆபீஸில் ஒரே பேரில் நான்கு பேர் இருந்தோம். இனிஷியல்தான் எங்களைக் காப்பாற்றியது.

நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். அவர்களையும் அழைக்கலாமா?

அவர்களைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.

புதியவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180க்குப் போன் செய்து கால் புக் செய்வார்கள். நாங்கள் டிக்கெட் எழுதுவோம்: எந்த ஊர், எந்த நம்பர், ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா, குறிப்பிட்ட ஆளை அழைத்துவர வேண்டிய பி.பி. காலா. அப்புறம் அந்த ஊர் போர்டில் இருக்கும் ஆபரேட்டரைப் பிடித்து நம்பரைக் கொடுப்போம். ஒரு டூட்டியில் இது எத்தனையோ தடவை நடக்கும். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் சிவகாசி வெடி ஆர்டர், காலண்டர் ஆர்டர், கோவில்பட்டி தீப்பெட்டி லோடு என்று போர்டில் விளக்கு அணையவே அணையாது. லைன் கிடைக்காமல் பார்ட்டி கத்திக்கொண்டிருக்கும்போது மதுரையில் இருந்த அந்த அக்கா, "இரும்மா, அடுத்த லைன் உனக்குத்தான்" என்று சொன்னால் அன்றைக்குப் பிழைத்தோம்.

முகம் தெரியாது, வயசு தெரியாது. ஆனால் தொண்டை கம்மியிருந்தால் ஜலதோஷமா அழுகையா என்று தெரியும். ராத்திரி டூட்டியில் கால் குறைந்த பிறகு பேசிக்கொள்வோம். குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரருக்கு மாற்றல், குழம்புக்கு என்ன பொடி என்று எல்லாம் பேசியிருக்கிறோம்.

2023இல் அந்த மதுரை அக்கா கூட்டத்துக்கு வந்தார். தலை முழுக்க நரை, கையில் ஊன்றுகோல். வாசலில் யாரிடமோ "சாப்பாடு மாடியிலயா, கீழயா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு இலை துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே "மதுரை!" என்று கத்தினேன். அவர் பதிலுக்கு எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தினார். எங்களுக்குள் ஊர்தான் பேர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதனால் பழைய ஆட்களை அழைக்கும்போது செய்தி தட்டி அனுப்பாதீர்கள். பேசுங்கள். குரல் முகத்தைவிட மெதுவாகத்தான் மூப்படைகிறது என்பது என் அனுபவம்.

நான் செய்த ஒரு பெரிய தப்பு. அதை இன்னும் பேசுவார்களோ?

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நிறையப் பேர் வராமல் இருக்கிறார்கள். எனக்கே முப்பத்தைந்து வருஷம் அந்தப் பயம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஒருவர் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவைப் பற்றி விசாரிக்க அர்ஜென்ட் கால் புக் செய்தார். டிக்கெட்டை எழுதி வைத்தவள், அதன் மேலே இன்னொரு கட்டு டிக்கெட்டை வைத்துவிட்டு, கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது நாற்பது நிமிஷம் போயிருந்தது. லைன் கொடுத்தேன். அப்பா நன்றாகத்தான் இருந்தார். ஆனால் அந்த மனிதர் அந்த நாற்பது நிமிஷமும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருப்பார் என்பது எனக்கு ஆறவே இல்லை. பக்கத்து போர்டில் இருந்த அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனதில் நான் அந்த ராத்திரியாகத்தான் பதிந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022இல் அவரிடமே கேட்டுவிட்டேன். அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. "அந்த வருஷமா? எனக்குக் கை வெந்து கட்டுப் போட்டிருந்தேனே, விடிகாலை அஞ்சு மணிக்கு நீதானே தினம் தலை பின்னிவிட்டே" என்றார். எனக்கு அந்தப் பின்னல் துளிகூட நினைவில்லை. நான் சுமந்தது ஒன்று, அவர் வைத்திருந்தது வேறு.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சங்கடமான படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். எல்லார் கண்ணும் நம்மேல் இருப்பது போல நமக்குத் தோன்றுகிறது. அவரவருக்கு அவரவர் பனியன் கவலை.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தப்பில் அடிபட்டவர் அந்த நண்பரே என்றால், அவருக்கு நினைவிருக்கும். பார்த்தவர் மறப்பார், பட்டவர் மறக்க மாட்டார். அப்படியென்றால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். "அன்னைக்கு நான் அப்படிச் செஞ்சது தப்பு" என்று ஒரு வரி போதும். விளக்கம் வேண்டாம்.

நான் உழைத்த உழைப்பு யாருக்கும் நினைவில்லை. ஏதோ அற்ப விஷயத்தைச் சொல்கிறார்களே?

எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் இதற்காக வருத்தப்பட்டு எழுந்து போய்விட்டார், பின்னாலேயே போய் அழைத்துவந்தோம். கேபிள் ஜாயின்டராக இருந்தவர். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது அந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். இடுப்பளவு சேற்றுக் குழிக்குள் இறங்கி, தண்ணீர் புகுந்த கேபிளை வெட்டி, நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகளை எது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து முறுக்கிச் சேர்த்தவர். மூன்று நாள் தூங்கவில்லை. தன் வாழ்க்கையிலேயே பெரிய வேலை அதுதான் என்று அவர் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் கூட்டத்தில் அவரைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது "நுங்கு!" அவர் ஊரிலிருந்து சைக்கிள் கேரியரில் சாக்கு கட்டி நுங்கு கொண்டுவருவார். மே மாதம் மத்தியான டூட்டி விடுகிற நேரத்துக்கு, ஓலையைப் பிரித்து, கட்டைவிரலால் தோண்டி, ஆளுக்கு மூன்று சுளை கொடுப்பார். சில சமயம் எடுக்கும்போது தண்ணீர் பீய்ச்சிச் சேலையில் கறையாகும், அதைக் காட்டி ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம்.

"உசிரைக் கொடுத்து வேலை பார்த்தேன், நுங்கு விக்கிறவன் மாதிரி நினைச்சிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் குழிக்குள் நடந்ததை யார் பார்த்தோம்? அவரும் அவருடைய உதவியாளும்தான். ஆபீஸுக்குள் இருந்த எங்களுக்கு, செத்திருந்த லைன் திரும்ப உயிர் பெற்றது, அவ்வளவுதான் தெரியும். நுங்கை எல்லாரும் தின்றோம். ஒருவர் மனதில் நாம் எதுவாக இருக்கிறோம் என்பது அவர் இருந்த இடத்திலிருந்து நாம் எப்படித் தெரிந்தோம் என்பதைப் பொறுத்தது. 1979இல் ராஸ், சிகோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்ன கணக்கையும் கூட்டினால் பெரும்பாலான வீடுகளில் முழுப் பங்கையும் தாண்டியது. பொய் சொன்னார்கள் என்று இல்லை. தான் செய்தது தனக்கு முழுசாகத் தெரிகிறது, மற்றவர் செய்ததில் கண்ணில் பட்டதுதான் தெரிகிறது.

அடுத்த வருஷம் அந்த உதவியாளைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தோம். கேசுவல் மஸ்தூராக, அதாவது தினக்கூலியாக இருந்து, பின்னால் மளிகைக் கடை வைத்தவர். அவர் எழுந்து அந்த மூன்று நாளையும் சொன்னார். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இவர் கை நடுங்க ஆரம்பித்ததும், தான் பின்னாலிருந்து முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டதைச் சொன்னார். ஜாயின்டருக்கே அந்த முழங்கை விஷயம் மறந்துபோயிருந்தது. எங்கள் கூட்டங்களில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

உங்கள் உழைப்பைப் பற்றிக் கேட்க ஆசையாக இருந்தால், அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவரைத் தேடுங்கள். மற்றவர்களிடம் அது இருக்காது. நுங்கு இருக்கும், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பர்மனென்ட் ஆள் இல்லை. என்னை யாருக்கு நினைவிருக்கும்?

மேலே சொன்னதே பதில். எங்கள் பானையில் தண்ணீர் நிரப்பியவர், பேட்டரி அறையில் உதவிக்கு நின்றவர், கேன்டீனில் ராத்திரி டூட்டிக்கு ஃபிளாஸ்க்கில் டீ எடுத்து வைத்தவர் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பதவிப் பட்டியல் ஆபீஸ் சுவரோடு போயிற்று. நிலைமை சரியில்லை, நல்ல சட்டை இல்லை என்று தயங்குபவர்களுக்கும் இதுவேதான். உங்களை நாங்கள் நினைப்பது அன்றைய உருவத்தில். இன்றைய சட்டை எங்கள் மனதில் இல்லை.

ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

1987 டிசம்பர் 24 விடிகாலை எம்.ஜி.ஆர். இறந்தார். ட்ரங்க் போர்டில் இருந்த யாருக்கும் மறக்காத நாள் அது. ஒரு விளக்கு இரண்டு விளக்காகத் தொடங்கி, போர்டு முழுக்க எரிந்தது. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர், "அன்னைக்கு அந்த ராத்திரி டூட்டி நான்தான், முதல் செய்தியை நான்தான் கேட்டேன்" என்று சொல்கிறார்கள். ராத்திரி டூட்டிக்கு அன்றைக்கு இருந்தது இரண்டு பேர். ஒருவர் தன் பழைய பாக்கெட் டைரியைக் கொண்டுவந்து காட்டினார். அதன்படி பார்த்தால் மூவரில் ஒருவருக்கு அன்று வார ஓய்வு. காலையில் செய்தி கேட்டு, அழைக்காமலே ஓடிவந்து போர்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனதில் அந்தக் காலைதான் கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரியாகிவிட்டது.

அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் நினைக்கக் கூடாது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து, அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் அதையே திரும்பக் கேட்டார். கால்வாசிப் பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. அவர்களே கைப்பட எழுதியதைக் காட்டியும், இப்போது நினைவில் இருப்பதுதான் சரி என்று சிலர் சாதித்தார்கள். நினைவு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சமைக்கப்படுகிறது, பழைய சாமான்களை வைத்து.

அதனால் கூட்டத்தில் டைரியை எடுத்து ஒருவரை மடக்காதீர்கள். எங்கள் டைரிக்காரர் மடக்கவில்லை. "நீ டூட்டி இல்லாம ஓடி வந்தியேடா, அது அதைவிடப் பெரிசு" என்றுதான் சொன்னார்.

சண்டை போட்டுப் பிரிந்தவர் என்னை எப்படி நினைப்பார்?

முடிவு கசப்பாக இருந்தால் மொத்தமும் கசப்பாகத் தோன்றும், இது மனதின் பழக்கம். டேனியல் கானமன் என்ற உளவியலாளர் தன் குழுவோடு 1993இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஆள் இரண்டு தடவை குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தார். ஒரு தடவை 60 விநாடி. இன்னொரு தடவை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசிப் பகுதியில் குளிர் கொஞ்சம் குறைக்கப்பட்டது. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். கடைசி கொஞ்சம் இதமாக இருந்தது, அதுதான் காரணம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, பிரிந்த சண்டையே கடைசியாக இருக்க வேண்டியதில்லை என்பது. அதற்குப் பின்னால் ஒரு விநாடி சேர்க்க இன்னும் இடம் இருக்கிறது. திருக்குறளில் பழைய நட்புக்கென்றே பழைமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 81ஆவது. நண்பர் நோகும்படி எதையாவது செய்தால், அது அறியாமையால் செய்தது, அல்லது அளவு கடந்த உரிமையால் செய்தது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். கூடவே வேலை பார்த்தவர்களின் சண்டைகளில் பெரும்பாலானவை எனக்குத் தெரிந்து இந்த இரண்டில் ஒன்றுதான். டூட்டி மாற்றிக்கொள்வது, லீவு, சொசைட்டி கடனுக்கு ஜாமீன் கையெழுத்து. ஜாமீன் போட்டுச் சம்பளத்தில் பணம் பிடித்தம் ஆனவர்களிடம் மட்டும் நான் இப்படிப் பேசுவதில்லை. அது தீர்க்க வேண்டிய கணக்கு, தீர்த்த பிறகு பேசலாம்.

இருபது இருபத்தைந்து வயசில் நடந்தது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது?

நாற்பது தாண்டியவர்களை வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வரைக்குள் நடந்தவைதான் அதிகம் வருகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முதல் சம்பளம், முதல் ராத்திரி டூட்டி, முதல் தடவை வீட்டைவிட்டு வெளியூரில் தங்கியது. முதல் தடவைகள் கெட்டியாகப் பதிகின்றன. பில் கவுண்டரில் இருந்த கடைசி வருஷங்கள் எனக்கு ஒரே நீண்ட மத்தியானம் போலத்தான் இருக்கின்றன. அதனால் முதல் வேலையில் உங்களோடு இருந்தவர்களின் மனதில் உங்களுக்கு நல்ல இடம் இருக்கும். அவர்களுடைய முதல் தடவைகளுக்குள் நீங்கள் நிற்கிறீர்கள்.

அதிகாரியாக இருந்தேன். என்னைத் திட்டுவார்களோ?

சிலர் திட்டுவார்கள். லீவு கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு.

திடீரென்று போன் செய்தால் ஏதோ காரியத்துக்குத்தான் என்று நினைக்க மாட்டார்களா?

முதல் அரை நிமிஷம் நினைப்பார்கள். பத்து வருஷம் பேசாதவர் பேசினால், கல்யாணப் பத்திரிகையா, சீட்டா, இன்சூரன்ஸா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் நம் வீடுகளில் மனம் ஓடும். அதற்கு வழி எளிது. முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "ஒரு விசேஷமும் இல்லை, உன் ஞாபகம் வந்தது, போட்டேன்." எது நினைவுபடுத்தியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. "இன்னைக்கு நுங்கு வாங்கினேன்" என்று சொன்னால் போதும், அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்கும்.

பெக்கி லியு என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். சும்மா நினைத்துக்கொண்டு தொடர்புகொள்வதை எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு மதிப்பார் என்று கேட்டால், பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எதிர்பாராத நேரத்தில் வந்தது என்றால் அவருக்குச் சந்தோஷம் இன்னும் அதிகம். நான் இதுவரை இருநூறு பேருக்கு மேல் அழைத்திருப்பேன். எரிச்சலாகப் பேசியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு பேர் மறுநாள் திரும்ப அழைத்தார்கள்.

வாட்ஸ்அப் குழுவில்தான் தினமும் இருக்கிறோமே, அது போதாதா?

காலை வணக்கமும் பூப்படமும் ஆள் இருக்கிறார் என்று காட்டும், அது வரைக்கும் நல்லது. ஆனால் தலை பின்னிவிட்ட கதை அங்கே வராது. 200 பேர் பார்க்கிற இடத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும், இரண்டாம் ரசம் ஊற்றும்போதுதான் அது வரும்.

அவருக்கு என்னைச் சுத்தமாக நினைவில்லை என்றால்?

நடக்கும். எனக்கு நடந்தது. இரண்டு வருஷம் ஒரே டூட்டியில் இருந்தவர், "மன்னிச்சுக்கம்மா, தெரியலையே" என்றார். வலித்தது. அவர் அந்த இரண்டு வருஷமும் வீட்டில் ஒரு பெரிய நோயாளியை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர் உடம்புதான் போர்டில் இருந்திருக்கிறது. அவருக்கு என்னை நினைவில்லை, எனக்கு அவரை நினைவிருக்கிறது. அவர் எப்படி இருந்தார் என்று நான்தான் சொன்னேன். தனக்கே தெரியாத தன்னைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறதி நோய் வந்த நண்பரைப் போய்ப் பார்க்கலாமா?

போங்கள். வீட்டாரிடம் நேரம் கேட்டுக்கொண்டு, காலையில் போங்கள். "என்னைத் தெரியுதா? யார் சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அது பரீட்சை, அவர் தோற்கிற பரீட்சை. உங்கள் பேரைச் சொல்லி, எங்கே சேர்ந்து வேலை பார்த்தீர்கள் என்று சொல்லி, பழைய நாளைப் பற்றி நீங்களே பேசுங்கள். அவர் தவறாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள்.

இறந்துபோன சிநேகிதியின் பிள்ளைகளிடம் என்ன பேசுவது?

"நல்ல மனுஷி" என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது வீட்டு அம்மாவைத்தான். வேலைக்குக் கிளம்பிப் போய் எட்டு மணி நேரம் கழித்து வந்த அந்த இன்னொரு பெண்ணை உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தலை பின்னல் கதையைச் சொன்ன அக்கா போன வருஷம் காலமானார். பதினாறாம் நாள் போயிருந்தேன். மகனுக்கு ஐம்பது வயது இருக்கும். கூடத்தில் உட்கார்ந்து, அவன் அம்மா போர்டில் எப்படி இருப்பார் என்று சொன்னேன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பிளக் செருகுவார், தோளுக்கும் காதுக்கும் நடுவில் பென்சில் இருக்கும். அர்ஜென்ட் கால் எல்லாம் முடிந்து விளக்கு அணைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொள்வார். கத்துகிற பார்ட்டியிடம் குரலை உயர்த்தாமல், இன்னும் தணித்துப் பேசுவார், அவர்களும் தணிந்துவிடுவார்கள்.

"வீட்டுல அம்மா சத்தமாத்தான் பேசுவாங்க" என்றான் அவன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் போனை எடுத்து ரெக்கார்டிங்கைப் போட்டு எனக்கும் அவனுக்கும் நடுவில் பாயில் வைத்தான். "ராத்திரி டூட்டிக்குப் போகும்போது டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போவாங்க. காலையில காலியா வரும். நாங்க சின்னப் பிள்ளைங்க, அங்க அவங்க யாரோட உட்கார்ந்து சாப்பிட்டாங்கன்னு கேட்டதே இல்லை. நீங்க சொல்லுங்க அத்தை."